ஒன்றும் இருபத்தேழும்

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் நடக்கும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர். ஒரு தம்பதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசகரின் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம், ஒரு குழந்தை. கணவருக்குத் தொற்று இருக்கிறது என்கிறது ஒரு தாள். மனைவிக்கு இல்லை என்கிறது இன்னொரு தாள்.

“அதெப்படி மேடம்? ஒரே வீட்டுலதானே இருக்கோம்?” என்று மனைவி கேட்கிறார். எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. இதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்கப் பலருக்கு வாய் வருவதில்லை: இனிமேல் நாங்கள் கணவன் மனைவியாக வாழ முடியுமா?

இன்று இந்த இரண்டாவது கேள்விக்கு ‘முடியும்’ என்று ஆலோசகர் உறுதியாகச் சொல்லலாம். 2011-க்கு முன்பு அவரால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. அந்த ஒரு சொல்லுக்கு உறுதி எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஒரே வீடு, இரண்டு முடிவு

முதல் கேள்வியை முதலில் பார்ப்போம். ஒரே டம்ளரில் குடிப்பது, ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே பாயில் படுப்பது, கொசுக் கடி, இவை எதனாலும் எச்.ஐ.வி. பரவாது. ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால் போன்ற சில உடல் திரவங்கள் வழியாகத்தான் பரவும்.

உடலுறவிலும்கூட ஒவ்வொரு முறையும் தொற்றிவிடுவதில்லை. சிகிச்சை எடுக்காத ஆணிடமிருந்து பெண்ணுக்கு ஒரு முறை உறவில் தொற்றும் வாய்ப்பு சராசரியாக ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. சின்ன எண்தான். ஆனால் தாம்பத்தியம் ஒரு நாளில் முடிவதில்லை. மாதங்கள் சேர்ந்து வருஷங்களாகும்போது அந்தச் சின்ன வாய்ப்பும் கூடிக்கொண்டே போகிறது. அதனால்தான் சில தம்பதிகளில் இருவருக்கும் தொற்று இருக்கிறது, சிலரில் ஒருவருக்கு மட்டும் இருக்கிறது. இந்த இரண்டாம் வகையினரை இந்த நூலில் ‘இருநிலைத் தம்பதி’ என்று அழைப்போம்.

இதில் விஞ்ஞானிக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஒரு இருநிலைத் தம்பதி பத்து வருஷம் வாழ்ந்தும் மனைவிக்குத் தொற்றவில்லை என்றால், அதற்குக் காரணம் மருந்தா, கவனமா, தற்செயலா? அந்த ஒரு குடும்பத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது.

ஊதா மூடிக் குழாய் சொல்லும் எண்

கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் ரத்தம் எடுக்கும்போது ஊதா மூடி போட்ட ஒரு சின்னக் குழாயில் பிடிப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அதனுள் ஒரு மருந்து பூசியிருக்கும். குழாயை எந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றினால் சிவப்பு அணுக்கள் அடியில் படியும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். அதில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை வைரஸ் படிகள் மிதக்கின்றன என்று எண்ணுவதே ‘வைரல் லோடு’ பரிசோதனை. தமிழில் வைரஸ் சுமை.

சிகிச்சை எடுக்காதவருக்கு இந்த எண் பல ஆயிரங்களில் இருக்கும், லட்சங்களைத் தொடுவதும் உண்டு. எச்.ஐ.வி. நம் நோய் எதிர்ப்புப் படையின் தளபதிகளான சிடி4 அணுக்களுக்குள் புகுந்து, தன் மரபுச் செய்தியை அவற்றின் மரபணுவிலேயே எழுதிவிடுகிறது. பிறகு அந்த அணுவே வைரஸ் தயாரிக்கும் பட்டறையாகிவிடுகிறது. மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்து இந்த வேலையை ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் மறிக்கிறது. ஒரு மருந்தைத் தாண்டப் பழகும் வைரஸால் மூன்றையும் சேர்த்துத் தாண்டுவது மிகக் கடினம்.

மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் சுமை லட்சத்திலிருந்து ஆயிரத்துக்கும், நூறுக்கும், கடைசியில் எந்திரத்தால் எண்ண முடியாத அளவுக்கும் இறங்கும். அப்போது அறிக்கைத் தாளில் எண்ணுக்குப் பதிலாக ‘டி.என்.டி.’ என்ற மூன்று எழுத்துகள் அச்சாகி வரும். தேடியது தென்படவில்லை என்று பொருள். வைரஸ் உடலை விட்டுப் போய்விடவில்லை. சில அணுக்களுக்குள் உறங்கிக்கொண்டிருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் திரும்பவும் பெருகும்.

பார்த்தது போதாது

சுமை குறைந்தால் பரவுவதும் குறையுமா? குறையும் என்பதற்கு முதல் வலுவான அடையாளம் உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்திலிருந்து வந்தது. அங்கே 415 இருநிலைத் தம்பதிகளைக் கவனித்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியானது. அவர்களில் யாரும் கூட்டு மருந்து எடுக்கவில்லை. அன்று அந்த மருந்து அந்தக் கிராமங்களை எட்டவில்லை. சிலருக்கு இயல்பாகவே சுமை குறைவாக இருந்தது. சுமை 1,500-க்குக் கீழே இருந்த 51 தம்பதிகளில் ஒருவரிடமிருந்தும் துணைக்குத் தொற்றவில்லை.

அப்படியானால் மாத்திரையால் சுமையைக் குறைத்தாலும் இதே பலன் கிடைக்குமா? கிடைக்கும் என்று பல மருத்துவர்கள் நம்பினார்கள். ஆனால் நம்பிக்கையை வைத்து ஒரு மனைவியிடம் ‘பயப்படாதே’ என்று சொல்லிவிட முடியாது.

மாத்திரை எடுக்கும் தம்பதிகளையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டால் போதாதா என்று தோன்றலாம். போதாது. தினமும் நேரம் தவறாமல் மாத்திரை போடுகிறவர் ஆணுறையையும் தவறாமல் பயன்படுத்துகிறவராக இருக்கலாம். நோய் முற்றிய பிறகே மருந்து தொடங்கிய காலம் அது. உடல் தளர்ந்தவருக்கு உறவு குறைந்திருக்கவும் கூடும். தொற்றாமல் போனது மருந்தாலா, இந்த மற்றக் காரணங்களாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

குலுக்கல்

பிரித்துச் சொல்ல ஒரே வழி, யார் எந்தப் பக்கம் என்பதை யாரும் தேர்ந்தெடுக்காமல் இருப்பதுதான். கவனமானவர், கவனமில்லாதவர், இளையவர், மூத்தவர் எல்லோரையும் குலுக்கலில் இரண்டு குழுக்களாகப் பிரித்தால், எல்லா வகையினரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள். மிஞ்சும் வேறுபாடு மருந்து மட்டுமே. இதைக் ‘குலுக்கல் ஒதுக்கீடு’ என்போம்.

எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வு இப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. தலைமை வகித்தவர் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைரன் கோஹன். தாய்லாந்து, பிரேசில், அமெரிக்கா, ஐந்து ஆப்பிரிக்க நாடுகள், இந்தியா என 9 நாடுகளில் 13 இடங்களில் 1,763 இருநிலைத் தம்பதிகள் சேர்ந்தார்கள். இந்தியாவில் புனேவிலும் சென்னையிலும் ஆய்வு நடந்தது. சென்னையில் அதை நடத்தியது டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர். 1986-இல் மாணவி நிர்மலாவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தவர் இதே சுனிதி சாலமன்தான். அந்த நகரின் தம்பதிகளே 20 ஆண்டுகளுக்குப் பிறகு உலகத்துக்கு விடை தேடித் தர முன்வந்தார்கள்.

சேர்ந்தவர்களில் தொற்றுள்ளவர்களின் சிடி4 எண்ணிக்கை 350-க்கும் 550-க்கும் இடையில் இருந்தது. அதாவது ஓரளவு நல்ல உடல்நிலை. குலுக்கலில் 886 தம்பதிகள் ‘உடனே’ குழுவில் விழுந்தார்கள். அன்றே சிகிச்சை தொடங்கியது. மற்ற 877 தம்பதிகள் ‘பிறகு’ குழு. சிடி4 250-ஐ ஒட்டி இறங்கினாலோ, எய்ட்ஸ் தொடர்பான நோய் வந்தாலோ அவர்களுக்குச் சிகிச்சை தொடங்கும்.

பாதிப் பேருக்கு மருந்தைத் தள்ளிப்போட்டது நியாயமா என்ற கேள்வி எழும். எழத்தான் வேண்டும். ஆய்வு திட்டமிடப்பட்டபோது பல நாடுகளில் சிடி4 200-க்குக் கீழே போன பிறகே சிகிச்சை தொடங்குவது வழக்கம். மருந்தின் பக்கவிளைவுகளைப் பற்றிய அச்சம் இருந்தது. சீக்கிரம் தொடங்குவது நல்லதா என்று அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இரண்டு குழுவினருக்கும் ஆலோசனையும் ஆணுறையும் கொடுத்தார்கள். தொற்றில்லாத துணைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கேள்வி முழுதாக ஓய்வதில்லை. அதை மறக்காமல்தான் முடிவுகளைப் படிக்க வேண்டும்.

சுவடியும் வைரஸும்

ஆய்வின் நடுவே தொற்றில்லாத துணை ஒருவருக்குத் தொற்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது வீட்டில் இருக்கும் துணையிடமிருந்துதான் வந்ததா? வேறொருவரிடமிருந்து வந்திருக்கலாம் அல்லவா? அப்படி வந்ததை மருந்தின் கணக்கில் எழுதினால் மருந்துக்கு வீண்பழி.

பழைய ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இதேபோன்ற சிக்கல் இருந்தது. கையில் ஐந்து சுவடிகள். எதைப் பார்த்து எதைப் படியெடுத்தார்கள் என்று எப்படித் தெரியும்? படியெடுப்பவர் செய்த பிழைகள் காட்டிக்கொடுக்கும். ஒரு சுவடியில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. இன்னொன்றிலும் அதே இடத்தில் அதே எழுத்து இல்லை. இப்படிப் பல இடங்களில் பிழைகள் ஒத்துப்போனால் அந்த இரண்டும் ஒரே வழியில் வந்தவை. பாடபேதத்தை வைத்துச் சுவடிகளின் குடும்பத்தையே வரைந்துவிடலாம்.

எச்.ஐ.வி. மிக அவசரமாகப் படியெடுக்கும் எழுத்தர். ஒவ்வொரு முறையும் தன் மரபெழுத்துகளில் பிழைவிட்டுக்கொண்டே போகும். ஆகவே ஒவ்வொருவர் உடலில் உள்ள வைரஸுக்கும் அவருக்கே உரிய பாடபேதங்கள் சேர்ந்துவிடுகின்றன. கணவரின் வைரஸையும் மனைவியின் வைரஸையும், அதே ஊரில் தொற்றுள்ள வேறு சிலரின் வைரஸையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுவார்கள். தம்பதியின் வைரஸ்கள் ஒன்றோடொன்று மிக நெருங்கி, மற்றவர்களிடமிருந்து விலகி நின்றால், தொற்று வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அதை ‘இணைந்த தொற்று’ என்றார்கள்.

கணக்கு

ஆய்வு நடக்கும்போது மருத்துவர்களோ தம்பதிகளோ மொத்தக் கணக்கைப் பார்க்க முடியாது. ஆய்வோடு தொடர்பில்லாத வல்லுநர் குழு ஒன்று மட்டும் அவ்வப்போது உறையைத் திறந்து பார்க்கும். தீங்கு தெரிந்தாலோ, விடை தெளிந்துவிட்டாலோ ஆய்வை நிறுத்தச் சொல்வது அதன் வேலை. 2011 ஏப்ரல் 28 அன்று அந்தக் குழு கூடியது. ஆய்வு முடிய இன்னும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இருந்தன.

அதுவரை மொத்தம் 39 துணைகளுக்குத் தொற்று வந்திருந்தது. ‘உடனே’ குழுவில் 4, ‘பிறகு’ குழுவில் 35. இரண்டு குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு. மருந்தால் பயனே இல்லை என்றால் இந்தப் பக்கமும் 35 வாக்கில் இருந்திருக்க வேண்டும். 31 குறைந்திருக்கிறது. நூற்றுக்கு ஏறக்குறைய 89.

இப்போது சுவடி ஒப்பீட்டைக் கொண்டுவருவோம். 39-ல் 28 மட்டுமே இணைந்த தொற்றுகள். மற்ற 11-ஐ வீட்டில் இருக்கும் துணையோடு இணைக்க முடியவில்லை. அந்த 28-ல் ‘பிறகு’ குழுவில் 27. ‘உடனே’ குழுவில் 1.

27 இருக்க வேண்டிய இடத்தில் 1. தடுக்கப்பட்டது 26. நூற்றுக்கு 96.

அந்த ஒன்று எப்படி வந்தது? மாத்திரை தொடங்கிய அன்றே வைரஸ் அடங்கிவிடாது. ‘உடனே’ குழுவில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குச் சுமை 400-க்குக் கீழே இறங்க மூன்று மாதம் ஆனது. அந்த ஒரு தொற்றும் சிகிச்சை தொடங்கிய காலத்தை ஒட்டி, வைரஸ் முழுதாக அடங்குவதற்கு முன்பே நிகழ்ந்திருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

இந்தக் கணக்கை மறுபுறமிருந்தும் பாருங்கள். ‘பிறகு’ குழுவின் 877 தம்பதிகளில் 850 பேரின் வீட்டில் இணைந்த தொற்று வரவில்லை. அந்த 850-ல் ஒருவராக நீங்கள் இருந்திருந்தால், மருந்து இல்லாமலேயே நாங்கள் தப்பித்தோமே என்று சொல்லியிருப்பீர்கள். உங்கள் அனுபவம் உண்மை. ஆனால் அது காரணத்தைச் சொல்லாது. 1,763 குடும்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோதுதான் மருந்து செய்த வேலை கண்ணுக்குத் தெரிந்தது.

வல்லுநர் குழு உடனே முடிவை வெளியிடச் சொன்னது. ‘பிறகு’ குழுவில் இருந்த அனைவருக்கும் சிகிச்சை தர ஏற்பாடானது. அதே தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்த இறுதி அறிக்கை 2016-இல் வந்தது. வைரஸ் உறுதியாக அடங்கியிருந்த காலத்தில் ஒரு இணைந்த தொற்றுகூட இல்லை. சிகிச்சை தொடங்கிய பிறகும் துணைக்குத் தொற்றிய சில நிகழ்வுகள், சுமை இறங்குவதற்கு முன்போ, மருந்து பலன் தராமல் சுமை மீண்டும் ஏறியபோதோ நேர்ந்தவை.

பூஜ்யத்தை எவ்வளவு நம்பலாம்?

‘ஒன்றுகூட இல்லை’ என்ற சொல்லையும் அளந்துதான் வாங்க வேண்டும். ஒரு லாரி நிறையத் தேங்காய் வந்திருக்கிறது. 10 காயை உடைத்துப் பார்க்கிறீர்கள், ஒன்றும் அழுகல் இல்லை. லாரியில் அழுகலே இல்லை என்று சொல்வீர்களா? புள்ளியியலில் இதற்கு எளிய கைக்கணக்கு ஒன்று உண்டு. 100 காயில் அழுகல் பூஜ்யம் என்றால், உண்மையான அளவு நூற்றுக்கு 3 வரை இருக்கலாம். 1,000 காயில் பூஜ்யம் என்றால் ஆயிரத்துக்கு 3 வரை. பூஜ்யம் அதேதான், அதன் எடை மட்டும் கூடுகிறது.

இன்னொரு குறையும் இருந்தது. எச்.பி.டி.என். 052 தம்பதிகளில் பெரும்பாலோர் ஆணுறையும் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள். மருந்து தனியாக நின்று தாங்குமா?

14 ஐரோப்பிய நாடுகளில் நடந்த ‘பார்ட்னர்’ ஆய்வு இதற்கு விடை தந்தது. ஒருவர் மருந்தால் வைரஸ் அடங்கியவர், மற்றவர் தொற்றில்லாதவர், இருவரும் தாங்களாகவே ஆணுறை இல்லாமல் வாழ்பவர்கள். 2016-இல் வந்த முதல் அறிக்கையில் 888 இணைகள், ஆணும் பெண்ணுமான இணைகளும் ஆண்–ஆண் இணைகளும். சுமார் 58,000 உறவுகள். இணைந்த தொற்று பூஜ்யம். 2019-இல் வந்த இரண்டாம் அறிக்கையில் 782 ஆண்–ஆண் இணைகள், 76,000-க்கும் மேற்பட்ட உறவுகள். மறுபடியும் பூஜ்யம். இரண்டிலும் சிலருக்குப் புதிதாகத் தொற்று வரத்தான் செய்தது. சுவடியை ஒப்பிட்டபோது ஒன்றுகூட இணையின் வைரஸாக இல்லை. இம்முறை உடைத்துப் பார்த்தது பல்லாயிரம் காய்கள்.

இதைச் சுருக்கி ஒரு வரியில் சொல்லலாம்: கண்டறிய முடியாத வைரஸ், உறவில் கடத்த முடியாத வைரஸ்.

மேசைக்குத் திரும்புவோம்

2015-இல் வெளியான இன்னொரு குலுக்கல் ஆய்வு, சீக்கிரம் சிகிச்சை தொடங்குவது தொற்றுள்ளவரின் சொந்த உடல்நலத்துக்கும் நல்லது என்று காட்டியது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சிடி4 எண்ணைப் பார்த்துக் காத்திருக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. இந்தியா 2017-இல் பின்பற்றியது. தொற்று உறுதியானால் சிகிச்சை, அரசு மையங்களில் இலவசமாக.

ஆகவே ஆலோசகர் அந்தத் தம்பதியிடம் இப்படிச் சொல்லலாம். மாத்திரையை நாள் தவறாமல் போடுங்கள். சுமை இறங்கி, அடங்கியே இருக்கிறது என்று பரிசோதனையில் உறுதியாகும் வரை ஆணுறை கட்டாயம். உறுதியான பிறகு, மருந்து தொடரும் வரை, உறவில் துணைக்கு எச்.ஐ.வி. தொற்றாது. இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் மருத்துவரிடம் சொல்லித் திட்டமிடலாம். மற்றப் பால்வினை நோய்களை இந்த மாத்திரை தடுக்காது, அதற்கு ஆணுறைதான். தாய்ப்பாலிலும் ஊசியைப் பகிர்வதிலும் இதே உறுதியைத் தர முடியாது.

சொல்ல எளிமையான வார்த்தைகள். இவற்றின் விலை எளிமையானதல்ல. 27 என்பது ஒரு அட்டவணையில் அச்சான எண் மட்டுமாக நமக்குத் தெரியக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையை நீட்டி ரத்தம் கொடுத்து, ஒரு நாள் ‘உள்ளது’ என்ற தாளை வாங்கிய 27 மனிதர்கள் அவர்கள். தங்கள் வீட்டுக்குள் நடந்ததை முன்பின் தெரியாதவர்கள் எண்ண அனுமதித்தார்கள். அவர்கள் கொடுத்த அந்த எண்தான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு இன்று ‘முடியும்’ என்ற பதிலாக வந்து சேர்கிறது.

அந்தப் பதில் இந்தியாவில் தொற்றோடு வாழும் சுமார் 25 லட்சம் பேருக்கு உரியது. ஆனால் அது மையத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒளித்து வைத்தால் ஒரு நாள் தவறும், பிறகு இரண்டு நாள் தவறும், அடங்கிய வைரஸ் தலைதூக்கும். தனி டம்ளர் வைக்கிற வீடு எவரையும் காப்பாற்றுவதில்லை. மாத்திரையை எல்லோர் முன்னிலையிலும் எடுத்துப் போட்டுக்கொள்ள முடிகிற வீடுதான் காப்பாற்றுகிறது. அப்படி ஒரு வீடாக இருப்பதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் எடுத்துக் கொடுத்தால் போதும். எல்லோரும் குடிக்கிற அதே டம்ளரில்.